ஹெல்மெட்டுக்குள் இருந்த எங்கள் ஊர்க்காரி

போன மாதம் எங்கள் பழைய சேனலின் பிள்ளைகள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். சேனல் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கேபிள் ஒயரையெல்லாம் சுருட்டி எடைக்குப் போட்டாகிவிட்டது. இப்போது அது செல்போனுக்குள் உயிர் வாழ்கிறது. அந்தப் பிள்ளைகள் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒரு போட்டோவைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதுங்களா?" என்று கேட்டு வீடியோ எடுத்திருந்தார்கள். போட்டோவில் இருந்தவள் மேகலா. ஜேடர்பாளையம் பக்கத்தில் பிறந்து, இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்குப் பல வருடம் கோல்கீப்பராக நின்றவள்.

"புதுசா வந்திருக்கிற சப் கலெக்டருங்க" என்றார் ஒருவர். "பேங்குல நகைக்கடன் செக்‌ஷனுங்க, ரொம்பக் கறாரு" என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்க சம்பந்தியூட்டுப் புள்ளைங்க. ஏனுங்க, என்னாச்சு?" என்று பதறியே போனார். அடுத்து ஒரு கிரிக்கெட் பையனின் போட்டோவைக் காட்டினார்கள். ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்து, ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்த பையன் அவன். அவனுடைய பிறந்த நாள், அவன் வளர்க்கும் நாயின் பெயர், அவனுக்கு எந்த ஊர் பிரியாணி பிடிக்கும், எல்லாம் வந்து கொட்டியது.

"ஏனுங்கண்ணா, ஹாக்கிக்காரங்கள மட்டும் ஏன் ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்குது? நீங்கதான மேகலாக்காவ நெறையா எடுத்தவரு. கேமரா முன்னாடி சித்தெ சொல்லுங்க" என்றார்கள். அரை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டுமாம். என் வாயில் வந்ததை அப்படியே சொன்னால் அவர்கள் கடையை மூட வேண்டி வரும் என்பதால், எழுதியே தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நான் முருகேசன். அந்தச் சேனலுக்குக் காலமெல்லாம் கேமராக்காரனாக இருந்து, கண்ணில் புரை வந்ததும் ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். தொழில் கற்றது கல்யாண வீடியோவில். தாலி கட்டும் நேரத்தில் எந்த மாமன் குறுக்கே தலையை நீட்டினாலும் முடிச்சு படத்தில் விழ வேண்டும். அதைக் கற்றுக்கொண்டவன் உலகத்தில் எதையும் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாக்கியைப் பார்க்கும் வரைக்கும் அந்த மிதப்பு இருந்தது.

எங்கள் முதலாளி குப்பண்ணன். கேபிள், ஃபிளெக்ஸ் அச்சடிப்பு, பந்தல் சாமான் வாடகை, மூன்றையும் ஒரே கட்டடத்தில், ஒரே நாற்காலியில் இருந்து நடத்தியவர். யாரையும் திட்ட மாட்டார். சின்னவன் பெரியவன் எல்லோருக்கும் 'சாமி'தான். அவர் பேச்சில் மரியாதை கூடக் கூட நம் வேலை நாசமாகப் போகிறது என்று அர்த்தம். எடுத்து வந்த படத்தை அவர் பார்க்கும் விதமே தனி. டிவியின் சத்தத்தை முழுக்க அடைத்துவிடுவார். மடியில் வறுத்த கடலை இருக்கும். படம் ஓடும்போது, கடலைத் தோலை ஊதுவதற்கு அவர் தலை எங்கே குனிகிறதோ அந்த இடத்தை எடிட்டர் வெட்ட வேண்டும். தலை குனியாத இடம் தங்கும். "மூஞ்சி தெரிஞ்சா சத்தமே வேண்டாமுங்க சாமி. மூஞ்சி தெரியலீன்னா சத்தத்த வெச்சு என்னத்தப் பண்றது?" என்பார். எரிச்சல் என்னவென்றால், இந்த விஷயத்தில் அவர் தப்பு செய்து நான் பார்த்ததில்லை.

நான் முதன்முதலாக எடுத்து வந்த ஹாக்கி மேட்சை அவர் பார்த்த அன்று, கடலை முழுக்கத் தீர்ந்தது. தலை நிமிரவே இல்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஹாக்கியைப் படம் பிடிப்பது என்பது ஓடுகிற எலியை ஊசிக்குள் கோர்ப்பது மாதிரி. மைதானம் ஊர் ஓரத்தில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது. கேலரி கிடையாது. நாமக்கல்லில் கேலரி இல்லாவிட்டால் என்ன, லாரிக்கா பஞ்சம்? கோட்டுக்கு வெளியே ஒரு லாரியை நிறுத்தி, கேபின் தலைமேல் கேமரா ஸ்டாண்டை வைத்து, அதன் கால்களை லோடு கட்டும் கயிற்றால் இறுக்கிவிடுவேன். தூரமாக வைத்து எடுத்தால் பந்து கடுகாகிக் காணாமல் போகும். கிட்டத்தில் இழுத்தால், நான் இழுத்து முடிப்பதற்குள் பந்து அடுத்த கோலுக்குப் போயிருக்கும். ஆடுகிறவர்களோ ஒரு இடத்தில் நிற்பதில்லை. கொஞ்ச நேரம் ஓடுவார்கள், வெளியே போவார்கள், இன்னொருத்தி உள்ளே வருவாள். 'யார் இவள்?' என்று நாம் சட்டை நம்பரைப் பார்ப்பதற்குள் அவள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

கிரிக்கெட் அப்படியா? அது விளம்பரக்காரர்களுக்கு என்றே கடவுள் உட்கார்ந்து செய்த ஆட்டம். ஆறு பந்துக்கு ஒரு முறை நிறுத்தி, சோப்பு விற்றுவிட்டு வரலாம். அடித்தவர் நடுவில் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, வானத்தைப் பார்த்து, மட்டையைத் தூக்கி, நாலு பக்கமும் திரும்பி முகத்தைக் காட்டுவார். போட்டோ ஸ்டூடியோவில்கூட அத்தனை பொறுமையாக யாரும் நிற்பதில்லை.

ஹாக்கியில் ஒரே இடத்தில் நிற்கிற ஒரே ஆள் கோல்கீப்பர். அந்த ஆளுக்கோ தலையில் ஹெல்மெட், முகத்தில் கம்பி, காலில் மெத்தை. மேகலா பந்தைத் தடுத்தால் கேமரா பந்தோடு அடுத்த பக்கம் ஓடிவிடும். தடுக்காமல் விட்டால் மட்டும்தான் கேமரா அவள் மேலேயே நிற்கும். ஆக, கோல்கீப்பர் பிரபலமாவதற்கு ஒரே வழி கோல் வாங்குவது. அந்த விஷயத்தில் மேகலா கஞ்சப் பிசினாரி.

அவளை எடுத்து எடுத்து நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பந்தைப் பார்க்கக் கூடாது, அவள் இடது தோளைப் பார்க்க வேண்டும். அடிக்கிறவள் மட்டையைத் தூக்கும்போதே அந்தத் தோள் லேசாக இறங்கும். பந்து எந்தப் பக்கம் வரும் என்று அது சொல்லிவிடும். அப்புறம் அவள் தடுத்த ஒரு பந்தைக்கூட நான் தவறவிட்டதில்லை. அவளைப் பேட்டி எடுப்பதுதான் கொடுமை. மைக்கை நீட்டினால், "நானென்னங்கண்ணா பண்ணுனேன்? முன்னால டிபென்ஸ்ல அந்தப் புள்ளைங்க நல்லா ஆடுனாங்க" என்று பேச்சை முடித்துவிடுவாள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோன பையனே 'என்னோட பயணம்' என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுகிற நாட்டில், இவள் எப்படிப் பிழைப்பாள்?

ஒரு தடவை வெளிநாட்டில் மெடல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். வந்த மறுநாளே எங்கள் ஆபீஸ் படி ஏறினாள். சேலம் சூரமங்கலத்தில் அவளுக்கு ரயில்வே வேலை. லீவு கொஞ்ச நாள்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"முருகேசண்ணா, எனக்கு மாலையெல்லாம் வேண்டாமுங்க. கிரவுண்டு போகுதுங்க" என்றாள்.

அந்த மைதானம் ஊர் விளையாட்டு மன்றத்துக்குச் சொந்தம். மன்றத் தலைவர் சென்னியப்பன் பெரிய கோழிப்பண்ணைக்காரர். மைதானத்துக்கு வேலி போட்டு, நடுவில் பிட்ச் போட்டு, ஒரு கிரிக்கெட் அகாடமிக்குக் கொடுப்பதாக முடிவாகிவிட்டது. காலையில் அங்கே ஆடிக்கொண்டிருந்தது கவர்மென்ட் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள். மேகலா மட்டை பிடித்ததும் அங்கேதான். அதை விட்டால் சேலம் போக வேண்டும். விடியுமுன் பெண் பிள்ளையைத் தனியாக சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட எந்த அப்பன் சம்மதிப்பான்? மைதானம் போனால் இந்தப் பக்கத்தில் பெண்கள் ஹாக்கி அதோடு சரி.

"பாராட்டு விழான்னு ஒண்ணு வெய்யிங்கண்ணா. அவரையும் மேடையில உக்கார வெய்யிங்க. மைக்க என்ற கையில குடுத்தா, ஊரே பாக்க கிரவுண்ட உட்ருங்கன்னு கேட்டுப்போடறேன். அத்தன சனம் எனக்குக் கைதட்டும்போது மாட்டேன்னு சொல்லுவாருங்களா?"

நல்ல திட்டம். அத்தனை சனம் வர வேண்டும், அது இவளை யார் என்று தெரிந்து கைதட்ட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

குப்பண்ணன் பொறுமையாகக் கேட்டார். "பேஷாப் பண்ணலாமுங்க சாமி. ஆனா அம்மிணிய ஆருக்குமே தெரியாதுங்களே. சனம் எப்புடிங்க வரும்?" என்றார். அவரே வழியும் சொன்னார். அந்தத் தண்ணீர் பாட்டில் பையனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது. பெரிய ஃபிளெக்ஸ் வைப்பது.

ஃபிளெக்ஸ் டிசைன் செய்த எங்கள் ஆளுக்கு ஒரு சங்கடம் வந்தது. மேகலா ஆடுகிற படங்கள் எல்லாவற்றிலும் ஹெல்மெட். 'மூஞ்சி தெரியலீன்னா மொதலாளி உட மாட்டாரு' என்று, இன்டர்நெட்டில் ஹாக்கி என்று தேடி, நல்ல கம்பீரமான ஒரு உடம்பை எடுத்து, அதன் மேல் மேகலாவின் பாஸ்போர்ட் போட்டோ முகத்தை ஒட்டிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் எதிரில் அதைத் தூக்கி நிறுத்திய பிறகுதான் நான் பார்த்தேன். பீரோ மாதிரித் தோள்கள். தலையணை மாதிரிக் கையுறை. காலில் கத்தி வைத்த பூட்ஸ். கீழே தரையெல்லாம் பனிக்கட்டி. அதன் மேல் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு எங்கள் மேகலா. இரண்டு பக்கமும் மன்றத்துப் பிரமுகர்கள் வரிசை, அதில் சென்னியப்பன் படம் அவளைவிடப் பெரிது.

மேகலாவின் அப்பா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏஞ்சாமி, வெளிநாட்டுல எம்புள்ள இத்தன குளுருலயா ஆடுச்சு? ஒரு வார்த்த சொல்லலையே!" கண்ணே கலங்கிவிட்டது மனிதருக்கு.

அன்றைக்கே அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் போன் செய்தான். ஃபிளெக்ஸ் படம் வாட்ஸப்பில் அங்கே போய்விட்டது.

"மாமா, அந்த ஒடம்பு ஆரோடதுன்னு தெரியுமுங்களா? இங்க ஐஸ் ஹாக்கியில பெரிய ஸ்டாரு. நான் மேட்சுக்கெல்லாம் போறவன், சட்டையப் பாத்தே கண்டுபுடிச்சுட்டேன்."

"ஏஞ்சாமி, கேஸு கீஸு போட்டுருவானா?"

"அட போங்க மாமா. ஆபீஸ்ல வெள்ளக்காரங்ககிட்ட அவன் மூஞ்சியக் காட்டி ஆருன்னு கேட்டேன். எல்லாரும் வாரா வாரம் ஃபுட்பால், பேஸ்பால்னு உசுர உடறவனுங்க. ஒருத்தனுக்கும் தெரியல. இன்சூரன்ஸ் ஏஜெண்டான்னு கேக்கறான் ஒருத்தன்!"

ஏன் என்று கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல எனக்கு மெய்சிலிர்த்தது. ஹெல்மெட்டாம். ஒரு நிமிடம் ஆடிவிட்டு வெளியே போய்விடுவார்களாம். பந்துக்குப் பதிலாக ஒரு சின்னக் கறுப்பு வில்லை, டிவியில் கண்ணுக்கே தெரியாதாம். அந்தந்த ஊர்க்காரன் அந்தந்த டீமுக்கு உயிரை விடுவானாம், அடுத்த ஊர் ஸ்டார் யாரென்று கேட்டால் முழிப்பானாம். மைக்கை நீட்டினால், 'நானென்ன பண்ணினேன், எல்லாம் டீம்' என்பார்களாம். அட, அத்தனை பணம், அத்தனை கேமரா, அத்தனை பெரிய தேசம், கடைசியில் அதுவும் நாமக்கல்தான்! எங்கள் பஸ் ஸ்டாண்டில் தலை போய் முண்டமாக நின்ற அந்த மனிதர் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

ஃபிளெக்ஸை மாற்றச் சொன்னேன். "மாத்துனா மட்டும் தெரிஞ்சறப் போவுதுங்களா சாமி?" என்றார் குப்பண்ணன்.

விழா அன்று மாலை மைதானம் கொள்ளாத கூட்டம். எல்லாம் பாட்டில் பையனுக்காக. நான் வழக்கம்போல லாரி மேல். மேகலா அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கி, மேடைப் படியருகே போனாள். பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் கையை விரித்து மறித்தார். "அம்மிணி, சித்தெ அக்கட்டால நில்லுங்க. ஹாக்கி பிளேயர் வார நேரமுங்க."

அவளும் நகர்ந்து நின்றாள்! இந்த நாட்டில் ஹாக்கி ஏன் உருப்படவில்லை என்பதற்கு இதற்குமேல் யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டுமா? "யோவ், அதுதான்யா அவங்க!" என்று நான் லாரி மேலிருந்து கத்திய பிறகுதான் மேடைக்கு ஏற்றினார்கள்.

பாட்டில் பையன் தன் பயணத்தைச் சொன்னான். கடைசியில், ஹாக்கியும் நல்ல கேம்தான் என்று பெருந்தன்மையாக முடித்தான். விசில் பறந்தது. அடுத்தது மேகலா பேச வேண்டும். அவள் எழுந்துகூட விட்டாள். அதற்குள் சென்னியப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஊட்டுப் புள்ள மேகலா. நம்ம மண்ணோட பெரும. அந்தப் பேரு என்னிக்கும் நெலைக்கோணுமுங்க. அதனால, இங்க வரப்போற புது கிரிக்கெட் கிரவுண்டுக்கு மேகலா கிரவுண்டுன்னே பேரு வெக்கறோமுங்க!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவரைக் கேட்டு மடக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவர் அவளை மடக்கிவிட்டார்.

நான் அவள் முகத்தைக் கிட்டத்தில் இழுத்தேன். கம்பி இல்லாமல் அந்த முகம் என் கேமராவில் அத்தனை பெரிதாக விழுந்தது அன்றைக்குத்தான். இடது தோள் லேசாக இறங்கியது. மைக்கை வாங்கினாள்.

"எம் பேரு வேண்டாமுங்க" என்றாள்.

அவ்வளவுதான். கூட்டத்துக்கு வெறியே பிடித்துவிட்டது. "எத்தன அடக்கம் பாரு!" என்று என் லாரிக்குக் கீழே ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தது. சென்னியப்பனும் கைக்குட்டையை எடுத்தார். பேண்டு செட்டுக்காரர்கள் சமயம் பார்த்து அடித்து நொறுக்கினார்கள். அந்த இரைச்சலில் அவள் தொடர்ந்து சொன்னது என் ஹெட்போனில் மட்டும் விழுந்தது. "கிரவுண்ட மட்டும் உட்ருங்க. புள்ளைங்க வேற எங்கீங்க போகும்? எம் பேரு வேண்டாமுங்க, கிரவுண்ட உட்ருங்க." திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னாள். யாரோ சால்வையைப் போர்த்தி, மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு இறங்கிப் போய் அந்த டிரம்காரர்களை நாலு சாத்துச் சாத்தலாமா என்று வந்தது.

ஆபீசில் குப்பண்ணன் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தார். மேகலாவின் முகம் வந்ததும் கடலை வாயருகே நின்றுவிட்டது. "அம்மிணி கண்ணுல தண்ணி. அருமையா வந்திருக்குதுங்க சாமி."

"சத்தத்த வெச்சுப் பாருங்கண்ணா" என்றேன். அவர் முன்னால் நான் அப்படிப் பேசியதே இல்லை.

வைத்தார். கேட்டார். கடலைப் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார். பெரிய மனிதர்தான், எனக்கு நம்பிக்கைகூட வந்தது. "முழுசாவே போட்ருலாமுங்க சாமி. ஒரு எழுத்துக்கூட வெட்ட வேண்டாமுங்க. நீங்க சொல்றது ரொம்ப ரொம்ப சரிங்க" என்றார். அத்தனை மரியாதையைக் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு எழுத்தையும் வெட்டாமல்தான் போட்டார், கிரிக்கெட் ஃபைனல் நடந்துகொண்டிருந்த நேரத்தில். எங்கள் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்து என் வீட்டு டிவி ஒன்றுதான். அதையும் என் வீட்டுக்காரி ஸ்கோர் என்னாச்சு என்று நடுவில் மாற்றிவிட்டாள்.

மைதானம் போய்விட்டது. வேலி வந்தது, பிட்ச் வந்தது, வாசலில் மேகலா பெயரில் வளைவும் வந்தது. பெண் பிள்ளைகள் இப்போது ஊருக்கு வெளியே, லாரிகள் கிளம்பிப் போன பிறகு காலியாகும் ஒரு சிமெண்ட் தளத்தில் ஆடுகிறார்கள். ஆயில் கறையில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொள்கிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மேகலா ஊருக்கு வந்திருந்தாள். இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், வந்து பாருங்கண்ணா என்றாள். டவுன் பஸ்ஸில் போனோம். அவள் காலடியில் கோல்கீப்பர் பை. பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, கிரிக்கெட் பேட்டும் பேடுமாகத் தன் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

"மேகலா கிரவுண்டெல்லாம் எறங்குங்க!" என்று கண்டக்டர் விசில் அடித்தார்.

அந்த அம்மா எழுந்தபடியே மேகலாவிடம் கேட்டது. "ஏங்கண்ணு, தெனமும் இதுலதான் வாரோம். இந்த மேகலாங்கறது ஆரு?"

"இந்த கிரவுண்டுல ஆடிட்டிருந்த புள்ளைங்க" என்றாள் மேகலா.

"இப்ப ஆடறதில்லியா?"

"ஆடுதுங்க. இங்க உடறதில்லீங்க."